கடைசிக் கார்டு

அல்லிநகரத்தில் ஒரு காதுகுத்து விழாவுக்கு நான் வீடியோ எடுக்கப் போயிருந்தேன். கீபோர்டு வாசிக்க ஒருவர் வந்திருந்தார். சாயம் பூசிய மீசை, மடிப்புக் கலையாத சட்டை. கன்னத்தில் ஓர் ஏலக்காயை அடக்கிக்கொண்டுதான் வாசிப்பார். பாட்டு முடிந்த பிறகே அதைக் கடிப்பார்.

தங்கையோடு பல வருடமாகப் பேச்சில்லாத தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வந்து மண்டப வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். மேடையில் தங்கையும் அசையவில்லை. மேளம் நின்றுபோனது. கீபோர்டு மட்டும், பல சுரங்களைச் சேர்த்து அமுக்கும் சோகமான கார்டுகளில் மெல்ல ஏறி, பாட்டு வந்து அமர வேண்டிய கார்டுக்கு முந்தியதில் நின்றது. கீபோர்டுக்காரர் விரலை எடுக்கவே இல்லை. தங்கை மேடையை விட்டு இறங்கிப் போய் அண்ணன் கையைப் பிடித்தாள். அப்போதுதான் கீபோர்டுக்காரர் கடைசிக் கார்டை அமுக்கினார். மண்டபமே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

பந்தியில் அவரிடம் கேட்டேன். "ஏண்ணே, அவ்வளவு நேரம் முடிக்காம வச்சிருந்தீக?"

"முடிச்சிருந்தா, சரி ஆச்சுன்னு எல்லாரும் பந்திக்கு எந்திரிச்சிருப்பாக தம்பி. அந்தத் தங்கச்சிப் பிள்ளை மேடையிலயே நின்னுருக்கும்."

பிறகு வீடியோவை வெட்டி ஒட்டும்போது ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு பெண் படியிறங்கி நடக்கிறாள், அவ்வளவுதான். ஓரத்தில் அவர், கீபோர்டைப் பார்க்காமல் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசிக் கார்டு இன்னும் விழவில்லை; ஆனால் அவள் முதல் படியில் கால் வைப்பதற்கு முன்பே ஏலக்காயைக் கடித்துவிட்டிருக்கிறார்.