கந்தோர் காத்தவன்

சுவிஸில், இன்டர்லாக்கன் ஹோட்டல் சமையலறையில் மதியத்துக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே கிடைக்கும் ஓய்வுக்கு ‘சிம்மர்ஷ்டுண்ட’ என்று பெயர். அறைக்குப் போய்ப் படுக்கச் சொல்லித்தான் தருகிறார்கள். எனக்குப் படுத்தால் முள்ளின்மேல் கிடப்பது போலிருக்கும். மேற்கு ஸ்டேஷனிலிருந்து கிழக்கு ஸ்டேஷன் வரை நடந்துவிட்டுத் திரும்புவேன். கூடக் கோப்பை கழுவிய அண்ணை, "என்ன லோயர், கால் ஒரு இடத்திலை நிக்காதோ?" என்பார். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அகதியாக வந்தவனை லோயர் என்று கூப்பிட்டால் எப்படியிருக்கும்? எரிச்சல்தான் வரும்.

எண்பத்தைந்தோ ஆறோ, அந்தக் கோடையில் ஹோட்டலில் தங்கியிருந்த அமெரிக்கக் கிழவர் ஒருவருக்கு நான் சட்டம் படித்தவன் என்று தெரிந்துவிட்டது. அவர் தன் தாத்தாவின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தார். நடக்கப் புறப்படும் என்னைத் தோட்டத்தில் மறித்து உட்காரவைத்து வாசித்துக் காட்டுவார். தாத்தா ஒரு சின்ன ஊரில் வழக்கறிஞர். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் கந்தோரை, அதாவது தன் வழக்கறிஞர் அலுவலகத்தை, கூட்டாளியிடம் விட்டுவிட்டுப் படையில் சேர்ந்தார். காலில் குண்டுபட்டு நொண்டிக்கொண்டு திரும்பினார். பிறகு மாநிலச் சட்டசபைக்குத் தெரிவாகி, பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக மணிக்கணக்கில் பேசினார். கிழவர் போரையும் பேச்சுகளையும் விட்டு நகரமாட்டார். எனக்கோ கந்தோரில் இருந்தவன்மேல்தான் கண்.

"அந்தக் கூட்டாளி என்ன செய்தான்?" என்று கேட்டேன்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. கொழும்பில் என்னோடு ஒரே அறையில் இருந்து சட்டம் படித்தவன் ஒரு நாள் காலை இயக்கத்துக்குப் போனான். வழக்கறிஞராகச் சத்தியப்பிரமாணம் எடுக்கும் நாளுக்கென்று ஆசையாக முன்கூட்டியே தைத்து வைத்திருந்த கறுப்புக் கோட்டை என் கட்டிலில் போட்டான். "பூச்சி அரிக்காமல் பாத்துக்கொள் மச்சான். எல்லாம் முடிய வந்து போடுறன்," என்றான். நானும் பூச்சி உருண்டை வாங்கி வைத்துப் பார்த்துக்கொண்டேன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அந்த வீட்டைக் கோட்டு இருந்த அலுமாரியோடு எரித்தார்கள். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவன் உயிரோடு இருக்கிறானா என்று ஊரிலிருந்து வருகிற எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

கிழவர் தாள்களைப் புரட்டினார். "தினமும் கந்தோரைத் திறந்து தூசி தட்டினான். தாத்தா வந்ததும் சாவியைக் கொடுத்தான். அவ்வளவுதான்."

"அவர் வராமல் போயிருந்தால்?"

"நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேனே," என்று சிரித்தார்.

எனக்கு அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து நடந்தேன். அன்றைக்குக் கிழக்கு ஸ்டேஷனைத் தாண்டியும் போனேன். இரவு வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சும் வாங்கினேன்.

கிழவர் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், பரிமாறுகிறவர் ஒருவருக்குக் காய்ச்சல். என்னை மேசைக்குப் போகச் சொன்னார்கள். உடுப்புகளுக்குப் பொறுப்பான பெண் ஒரு கறுப்புக் கோட்டை எடுத்துத் தந்தாள். என் வாழ்நாளில் முதன்முதலாகக் கறுப்புக் கோட்டுப் போட்டது சூப் கொண்டுபோகத்தான். கோட்டின் கை என் விரல்நுனி வரை மூடியது. உனக்குப் பெரிது, வேறு தருகிறேன் என்றாள். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றேன். கோட்டைத் தந்துவிட்டு இயக்கத்துக்குப் போனவன் என்னைவிட நல்ல உயரம்.

"இப்போதுதான் வழக்கறிஞர் மாதிரி இருக்கிறீர்கள்," என்றார் கிழவர்.

கோட்டு என்னுடையதில்லை, உடையவன் வரும்வரை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சூப்பை வைத்தேன். அவன் இன்றுவரை வரவில்லை.