அழாத பிள்ளைக்கு ஒரு மாத்திரை

அழாத குழந்தையைக் கண்டால் எனக்கு ஆகாது. குழந்தைகள் ஓபிடியில் ஊசி போடுகிற நாளில் வந்து பாருங்கள், காது கிழியும். புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பெண்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். "கத்தட்டும் விடுங்கடி, கத்தற பிள்ளைய பத்தி நமக்கென்ன கவலை?" என்பேன். அத்தனை கூச்சலுக்கு நடுவே ஒரு குழந்தை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தால் என் கண் நேராக அங்கேதான் போகும்.

யாழினி அப்படித் தூங்கிக்கொண்டிருந்தவள்.

புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அங்கேயே சாரம் பகுதியில் வீட்டோடு இருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சாதுப் பிள்ளை

பிறந்ததும் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் யாழினிக்கு டிஎஸ்எச் எக்கச்சக்கமாக இருந்தது. அப்படியென்றால் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி பிறவியிலேயே சரியாக வேலை செய்யவில்லை. அவர்கள் கனகசெட்டிக்குளத்துக்காரர்கள். அப்பா முருகவேல் கடலுக்குப் போகிறவர். அம்மா சங்கீதாவுக்கு இதுதான் முதல் பிள்ளை.

"ரொம்ப சாது சிஸ்டர். அழவே மாட்டா. குடுத்து வச்சவடீன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க" என்று சங்கீதா பெருமையாகச் சொன்னாள். உடம்பில் ஹார்மோன் இல்லாத மந்தம் அது. பாலுக்குக்கூட எழுப்பித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். மூளை வளர்வதற்கு இந்த ஹார்மோன் வேண்டும். அது கிடைக்காமல் போகும் நாட்களைப் பிறகு என்ன கொடுத்தாலும் திரும்பப் பிடிக்க முடியாது. வைத்தியம் என்னவோ சுலபம்தான். காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன தைராக்ஸின் மாத்திரை. அதைக் கரண்டியில் பொடி செய்து, கொஞ்சம் தாய்ப்பாலில் கரைத்து, சங்கில் ஊற்றிப் புகட்ட வேண்டும். அரை மணி கழித்துப் பால் கொடுக்கலாம்.

சங்கீதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பேசுவாளா சிஸ்டர்?"

"மாத்திரை ஒழுங்கா உள்ள போச்சுன்னா ஊரையே வித்துடுவா" என்றேன். சிரித்தாள். வார்டில் இருந்தவரைக்கும் நான் சொல்லிக் கொடுத்தபடியே அழகாகப் புகட்டினாள். வீட்டுக்கு அனுப்பினோம்.

இறங்காத ரிப்போர்ட்

இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் ரிப்போர்ட் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. குழந்தையும் அப்படியே. கையைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழுந்தது.

"மாத்திரை குடுக்கிறியாம்மா?"

"தெனமும் குடுக்கிறேன் சிஸ்டர். ஒரு நாளு தப்பல."

பக்கத்தில் நின்ற முருகவேலுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப டாக்டரு பொய் சொல்றாங்களா? மிஷினு பொய் சொல்லுதா? ஒரே ஒரு மாத்திர, அத ஒழுங்கா குடுக்கத் துப்பில்ல ஒனக்கு!" ஓபிடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சங்கீதாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "இன்னாய்யா கத்தற? ஆஸ்பத்திரியா, மீன் ஏலம் போடற எடமா? அவ புள்ளைக்கு அவ குடுக்காம இருப்பாளா?" என்று ஒரு போடு போட்டேன். ஆள் அடங்கினார். கேட்டேனே தவிர, ஒழுங்காகக் கொடுக்கிறாளா என்று எனக்கும் சந்தேகம்தான்.

டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். "டோஸ் ஏத்தலாம் சிஸ்டர். ஆனா வீட்ல மாத்திரை சரியா போகலன்னா? நாம ஏத்தி, அவங்களும் நாளைக்கே ஒழுங்கா குடுக்க ஆரம்பிச்சா பிள்ளைக்கு ஓவராயிடும். ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வர முடியுமா?"

மறுநாள் விடிந்ததும் காலாப்பட்டு வழியாகக் கனகசெட்டிக்குளம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன்.

டப்பாவில் இருந்தவை

நான் போன நேரம் யாழினிக்குக் குளியல் நடந்துகொண்டிருந்தது. பச்சைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிடுவதற்கென்றே அந்தத் தெருவில் ஒருத்தி இருக்கிறாள். அஞ்சலை என்று பேர். காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்கால்மேல் பிள்ளையைப் போட்டு, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுகிறாள். என்ன கை அது! முப்பது வருஷம் குழந்தைகளைத் தூக்கிய நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். துடைத்து, சாம்பிராணி காட்டி, அடுத்து உரைகல்லை எடுத்தாள். உரை மருந்து தெரியும் அல்லவா? வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாவற்றையும் கல்லில் இரண்டு மூன்று சுற்று உரசி, அந்த விழுதை நாக்கில் தடவுவார்கள். அந்தப் பக்கத்தில் அது இல்லாமல் பிள்ளை வளர்க்க மாட்டார்கள்.

சங்கீதா பாட்டிலிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அஞ்சலையிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையின் படுக்கையைச் சரிசெய்ய உள்ளே போனாள். வீட்டில் பிள்ளைக்கு மருந்து புகட்டுவதெல்லாம் அஞ்சலைதானாம். அஞ்சலை ஜாதிக்காயை உரசினாள். வசம்பை உரசினாள். அதே கல்லில் மாத்திரையை வைத்து மூன்று சுற்று சுற்றினாள். விழுதை வழித்துப் பிள்ளையின் நாக்கில் தடவினாள். மிச்ச மாத்திரையை ஈரம் துடைத்துத் தகர டப்பாவில் போட்டு மூடினாள்.

"அந்த டப்பாவ இப்டி குடு" என்றேன்.

வசம்புக்கும் ஜாதிக்காய்க்கும் நடுவே வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தது. பிள்ளையின் மூளை இத்தனை நாளாக அந்த டப்பாவில் கிடந்தது.

"இன்னாடி அஞ்சல இது?"

"மருந்த கீழ போடக் கூடாது, அதான் எடுத்து வச்சேன்" என்றாள் வெள்ளந்தியாக. "பச்ச மண்ணு சிஸ்டரு. முழு மாத்திரைய ஏத்துனா கொடலு தாங்குமா? ஜாதிக்காய முழுசா அரச்சா குடுப்போம்? மருந்துன்னா மூணு ஒரசு போதும்."

நன்றாக நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பிள்ளையை அவள் மடியில் வைத்திருந்த விதத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. பாசத்தில்தான் குறைத்திருக்கிறாள். அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"அஞ்சல, இது நீ நெனைக்கிற மாதிரி மருந்து இல்ல. நமக்கெல்லாம் கழுத்துல ஒண்ணு தானா சுரக்குது. இவளுக்கு அது சுரக்கல. சுரக்க வேண்டியதத்தான் நாம வெளிய இருந்து குடுக்கறோம். தாய்க்குப் பால் சுரக்கலன்னா இன்னா பண்ணுவ? வேற பால் வாங்கிப் புகட்டுவ இல்ல? மூணு சொட்டு போதும்னு நிறுத்திடுவியா?"

அஞ்சலை பிள்ளையின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். "அய்யோ, அப்ப புள்ளைய பட்டினியா போட்டுட்டேனா நானு?" என்றாள். மடியில் இருந்த பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சத்தம் கேட்டு முருகவேல் உள்ளே வந்தார். தேய்ந்த மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவியிடம் போய், "அத்தன பேருக்கு முன்னால ஒன்னிய கத்திட்டேனே சங்கீதா" என்றார். "புள்ள நல்லாயிட்டா போதும்" என்றாள் அவள்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். டோஸ் ஏற்ற வேண்டாம், அதே மாத்திரையை முழுசாகக் கொடுக்கட்டும் என்றார். நாளையிலிருந்து அஞ்சலை வருவதற்கு முன்னாலேயே சங்கீதா தன் கையால் கரண்டியில் பொடி செய்து புகட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். உரை மருந்தும் வேண்டாம் என்றேன். அதற்கு மட்டும் அஞ்சலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை வந்தபோது சங்கீதா கண்ணெல்லாம் வீங்கி இருந்தாள். "ராத்திரி முழுக்க கத்தறா சிஸ்டர். தெருவே தூங்கல." ரிப்போர்ட் வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகிற பிள்ளையை வாங்கி ஒரு முத்தம் கொடுத்தேன். அவள் இன்னும் கத்தினாள்.

செய்து காட்டு

அதற்குப் பிறகு எந்தத் தாயிடமும் "மாத்திரை குடுத்தியா?" என்று நான் கேட்டதில்லை. அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், உண்மையாகவே சொல்வார்கள். கரண்டியையும் மாத்திரையையும் கையில் கொடுத்து, "வீட்ல எப்டி குடுக்கற, செஞ்சு காட்டு" என்பேன். குளிப்பாட்டுகிறவர்கள், பார்த்துக்கொள்கிறவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டி வரச் சொல்வேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன், செய்து காட்டச் சொல்லுங்கள்.

நான் ஓய்வு பெறும் வருஷம் யாழினி ரத்தப் பரிசோதனைக்கு வந்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், இரட்டைப் பின்னல். உட்கார்ந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. தினமும் மாத்திரையைத் தானே முழுங்குவாளாம். மிஸ்ஸுக்குக் கல்யாணமாம். அப்பா வலையில் ஆமை மாட்டி, திரும்பக் கடலில் விட்டாராம். என் கண்ணாடி ஏன் கீழே கீழே நழுவுகிறது என்று கேள்வி வேறு. கையை ஆட்டி ஆட்டிப் பேசினால் நான் எப்படி நரம்பைப் பிடிப்பது?

"ஏய் வாயாடி, ஊசி குத்தற வரைக்குமாவது வாய மூடுடி!" என்று அதட்டினேன்.

சங்கீதா என் கையைப் பிடித்தாள். "விடுங்க சிஸ்டர், பேசட்டும்."

வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஊசியை டிரேயில் வைத்துவிட்டு, "சரி சொல்லு, அந்த ஆமைக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.