தாடிக்காரர் நிறுத்திய இடம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் கிளாரினெட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். எல்லைக்கு அந்தப்பக்கம் ஒருவர் கிதார் வாசிப்பார். விசா கேட்டுக் கேட்டு இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டதால் கம்ப்யூட்டர் வழியாகத்தான் கச்சேரி. லைன் திணறும் என்று கேமராவையும் அணைத்துவிடுவார்கள். ஒரே ஒரு போட்டோவில் பார்த்த தாடியை வைத்து அவருக்குத் தாடிக்காரர் என்று பேர் வைத்தது நான்தான். "என்ன, என் சக்களத்தி வந்தாச்சா?" என்று கேட்டால் இவருக்கு வெட்கம் வேறு வந்துவிடும்.

எழுதி வைத்த பாட்டு எதுவும் கிடையாது, மனதில் வருவதுதான். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் பிடித்துக்கொள்ள வேண்டும், நடுவில் பேசவே கூடாது. ஒருநாள் அடுப்பில் ஏதோ தீய்கிறதென்று நான் கத்தியதற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், மகானுபாவர்.

அந்த ஞாயிறு தாடிக்காரர் பாதியில் நிறுத்தினார். இவர் பிடித்துக்கொண்டார். அப்படியொரு வாசிப்பு! துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கே கை ஓடவில்லை. "இன்னிக்கு முழுசா எனக்கே விட்டுக் கொடுத்துட்டார் பாத்தியா" என்று வாசித்து முடித்ததும் பெருமையாகச் சொன்னார். கிதார் திரும்ப வரவில்லை. லைன் போயிருக்கும் என்று சாப்பிட உட்கார்ந்தோம்.

சாயங்காலம் தாடிக்காரரின் மகள் போன் செய்தாள். மாரடைப்பு, போய்விட்டார். பக்கத்து அறையில்தான் இருந்திருக்கிறாள். கிளாரினெட் கேட்டுக்கொண்டே இருந்ததால், கச்சேரி நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லையாம்.

அதன்பிறகு இவர் கிளாரினெட் பெட்டியைத் திறக்கவில்லை. ஞாயிறானால் அணைந்த திரை முன்னால் உட்கார்ந்திருப்பார். ஆளில்லாத லிஃப்டைத் தட்டி, "உள்ள யாரு? பேசுங்க, பேசுங்க!" என்று கத்துகிறார் என்று கூட வேலை செய்பவர் வந்து சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள்.

"சித்தப்பா, நீங்க எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணுவீங்கன்னு அப்பா சொல்வார். என்னால கேக்க முடியாது. அப்பா கஷ்டப்பட்டாரான்னு நீங்க கேட்டுச் சொல்லுங்க. தூக்கமே வரல சித்தப்பா."

என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டிங்கைப் போட்டார். கிதார் நின்றது. இவருடைய கிளாரினெட் எழுந்தது. அதற்கு அடியில், மெதுவாக, கிதார் மரத்தில் விரல் தட்டும் சத்தம். இரண்டு தட்டு, ஒன்றுமில்லை, அவசர அவசரமாக நாலைந்து தட்டு, பிறகு ஒன்றே ஒன்று. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு எது தாளம், எது தாளம் இல்லை என்று தெரியாதா?

இவர் போனை எடுத்தார். குரல் பிசிறவே இல்லை.

"உங்கப்பா கடைசி வரைக்கும் எனக்குத் தாளம் போட்டுட்டுதான் இருந்தார்மா."

அந்தப் பக்கம் ஒரே அழுகை. "போதும் சித்தப்பா, இது போதும்" என்றாள்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தாளம்தானே?"

கல்யாணமான நாளிலிருந்து தாளத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"தாளம்தாங்க" என்றேன்.