அவித்த முட்டையா அடைக்குக் கொடுத்தேன்?

முட்டை வியாபாரம் வாயை நம்பி நடப்பது. ஓட்டுக்குள் எட்டிப் பார்த்து யாரும் வாங்குவதில்லை. அந்த வாயை அடைத்தவர் நீங்கள்தான். தேயிலைக்குப் பூச்சிமருந்து அடித்த பீப்பாய்களை ஓடையில் கழுவச் சொன்ன தோட்டத்து ஐயாவே, பெயரை எழுத மாட்டேன், படிக்கும்போதே உறைக்கும். என்னைப்போல முட்டைக் கூடை தூக்கித் திட்டு வாங்கிய மற்றவர்கள் என் பக்கம் வந்து நில்லுங்கள்.

பாக்கியம் அக்கா

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் முட்டை வாங்கி நோர்வூட் கடைவீதியில் விற்பது என் பிழைப்பு. அடை வைக்கக் கேட்டால் ஓடையோர லயத்துச் செல்லம்மா வீட்டு முட்டைதான் கொடுப்பேன். கோழி கொழுகொழு என்றிருக்கும், குஞ்சு தப்பாது. இந்த வருஷம் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. பாக்கியம் அக்கா சந்தை நடுவில் என் மூக்குக்கு நேரே முட்டையை நீட்டினாள். "ஏன் தம்பி, அவிச்சா குடுத்த?"

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

செல்லம்மா

நேரே லயத்துக்கு ஏறிப்போய்க் கத்தினேன். ஓடையில் மீன் செத்து மிதந்த நாளிலிருந்து அவள் கோழிகளை அந்தப் பக்கமே விடுவதில்லையாம். குடிக்க வைப்பதும் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீர்தான். கூட்டுக்குள் ஒரு கோழி கால் நடுங்கிக் கிடந்தது. "கோழி போற நேரத்துல கோவம் எதுக்குண்ணே? கத்துறத ஓடைக்கிட்டப் போயிக் கத்துங்க."

இரைப்பை

அந்தக் கோழி செத்ததும் அறுத்துப் பார்த்தேன். இரைப்பை முழுக்க றெக்கை! ஓடைக்குள் புழுவாகக் கிடந்து, பொழுது சாய்ந்ததும் பறந்து கிளம்பும் பூச்சி. அதற்கென்றே செல்லம்மா கூட்டுக்கு மேலே அரிக்கன் லாம்பு கட்டியிருந்தாள். விடிந்ததும் விழுந்து கிடப்பதைக் கோழி பொறுக்கும், காசில்லாத தீனி. கோழி கொழுத்த ரகசியமே அதுதான். நான் லாம்பைக் காட்டினேன். அவள் தலையில் கைவைத்தாள். "கோழியக் கூட்டுல அடைச்சேன், ஓடை பறந்துல்ல வந்திருக்கு!"

ஐயா

இரைப்பையை இலையில் மடித்து உங்கள் வாசலுக்கே கொண்டுவந்தேன். நாற்காலியை விட்டு எழுந்தீர்களா? மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னீர்கள்: "மருந்து ஓடையில, கோழி லயத்துல. மருந்துக்கென்ன காலா மொளச்சிருக்கு?"

"காலில்லை ஐயா, றெக்கை" என்றேன். விரட்டிவிட்டீர்கள்.

பின்வாசல்

வேலியைத் தாண்டுமுன் உங்கள் வீட்டுச் சமையல்காரர் ஓடிவந்து கையைப் பிடித்தார். உங்கள் வராந்தாவிலும் விளக்கு எரிகிறதே, அது ஞாபகம் இருக்கிறதா? அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணே, எங்க கோழியும் பொரிக்கல. வேற தோட்டத்து முட்டை இருந்தாக் குடுங்க. ஐயாவுக்குத் தெரிய வேணாம்."

செல்லம்மா லாம்பை அவிழ்த்துவிட்டாள், ஓடையை அவிழ்க்க எங்களால் ஆகாது. ஆகவே ஐயா, நீங்களே பீப்பாயை ஓடைக்கு எட்டாத மேட்டில் குழி வெட்டிக் கழுவச் சொல்லிவிட்டு, கடைவீதிக்கு இறங்கி வந்து, முட்டையை அவித்தது யாரென்று பாக்கியம் அக்காவிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.