இராக்கம்மா வீட்டுக்கு வந்த மூன்றுகால் நாய்

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் இராக்கம்மாவுக்கு நாய் என்றால் உயிர்ப் பயம். அவளுக்கு ஒன்பது வயதில் தங்கச்சியை விசர்நாய் கடித்தது. கடைசி இரண்டு நாள் அந்தப் பிள்ளை தண்ணீர்க் கோப்பையைக் கண்டாலே நடுங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்.

தொண்ணூற்றெட்டில் ஒரு காலை, மலைக்குப் போகும் வழியில் நாயொன்றின் முனகல் கேட்டது. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அதன் முன்னங்கால் மாட்டியிருந்தது. யாராவது அவிழ்த்துவிடுவார்கள் என்று நிற்காமல் நடந்தாள். மறுநாள் மாலையும் அது அங்கேயே கிடந்தது. முனகல் நின்று, மூச்சு மட்டும் இருந்தது.

புருஷன் பொன்னையாவைக் கூட்டிவந்தாள். இருவருமாக அதைச் சாக்கில் சுற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். மிருக வைத்தியர் செல்வநாயகி யாழ்ப்பாணத்துக்காரர். "ஒரு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். அவர் சும்மாதான் சொன்னார். இராக்கம்மாவுக்கு நெஞ்சில் தைத்தது. அதனால், "கால் எடுத்த புண் ஆறுமட்டும் ஒரு மாசம் வச்சிருங்கோ, அதுக்குள்ள நான் ஒரு வீடு பாக்கிறன்" என்று அவர் கேட்டபோது மறுக்க முடியவில்லை.

நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீட்டு வாசலில் கட்டிப்போட்டு, விடிந்ததும் தண்ணீர்ச் சட்டியைக் கோலால் தள்ளிவைப்பாள். அது குடித்து முடிக்கும்வரை வேலைக்குக் கிளம்பமாட்டாள். ஏழு வயது மகள் விதுஷாவோ அதற்குச் சிட்டு என்று பெயரே வைத்துவிட்டாள்.

இருபத்துமூன்றாம் நாள் சிட்டு தண்ணீர் குடிக்கவில்லை. சட்டியில் வாய் வைத்துப் பின்வாங்கியது. கடைவாயில் எச்சில் ஒழுகியது. இராக்கம்மா மகளை இழுத்து நிறுத்தினாள்.

"நேத்து அதத் தொட்டியா?"

விதுஷா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"தொட்டியான்னு கேக்குறேன்."

"ரொட்டி குடுத்தேம்மா. கைய நக்குச்சு."

மகளின் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்த பிறகும் நிறுத்தவில்லை. கீறல் உண்டா என்று விரல் விரலாகப் பார்த்தாள். பொன்னையா நாயைச் சாக்குப் போட்டுக் கட்டி ஆட்டோவில் ஏற்றினான். பதுளை வரும்வரை மகளை மடியைவிட்டு இறக்கவில்லை அவள்.

செல்வநாயகி கையுறை மாட்டி, மயக்க ஊசி போட்டு, நெடுநேரம் வாய்க்குள் பார்த்தார். கடைசியில் இடுக்கியால் ஒரு கோழி எலும்பை இழுத்தெடுத்தார்.

"தொண்டையில குறுக்க நிண்டிருக்கு. எண்டாலும் பத்து நாள் இஞ்சையே வச்சுப் பாப்பம். பண்டாரவளையில ஒரு வீடு சரிவந்திருக்கு, பிறகு அங்க அனுப்பிவிடுறன். இனி உங்களுக்குக் கரைச்சல் இல்லை."

நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் மயங்கிக் கிடந்த சிட்டுவைவிட்டு அவள் நகரவில்லை.

"அந்த வீட்டுல அது தண்ணி குடிச்சிச்சான்னு யாருங்க பாப்பாங்க?" என்று கேட்டாள். பிறகு, "பத்து நாளைக்கப்புறம் நாங்களே கூட்டிட்டுப் போறோங்க. ஒரு தடவ விட்டுட்டுப் போனவ நானு" என்றாள்.

"நீயா சொல்ற?" என்றான் பொன்னையா.

அதன் பிறகு எட்டு வருடம் சிட்டு அந்த லயத்தில் வாழ்ந்தது. இராக்கம்மாவின் பயம் முழுதாகப் போகவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், இடிக்குப் பயந்து அது அவள் காலோடு வந்து ஒட்டிக்கொண்டது. அன்றுதான் முதன்முதலாக அதன் முதுகில் கை வைத்தாள். இடி ஓயும்வரை கையை எடுக்கவில்லை.