பாக்கியம் போட்ட சத்தம்

சபையாரே, ஒரு பெண்ணைக் கயிற்றால் கட்டி வைப்பதா, அவிழ்த்து விடுவதா என்று தெரியாமல் நான் அழுத காலம் ஒன்று உண்டு. ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த வருடம் அது.

கோலா கெத்தில் என்ற மலாய் ஊருக்கு அப்பால், ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரெசர், புண்ணுக்கு மருந்து கட்டுகிறவன். வெள்ளைக்கார டாக்டர் போய்விட்டார். ஐந்து பேர் பார்த்த வேலைக்கு நானும் முனியாண்டி என்ற உதவியாளும் மட்டும். கட்டில்கள் பன்னிரண்டு, நோயாளிகள் பத்தொன்பது. என் மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். சண்டை தொடங்கியபின் கடிதமே இல்லை. மருந்து அலமாரியைத் திரும்பத் திரும்ப எண்ணுவேன். எண்ணுவதால் மருந்து பெருகாது என்று தெரியும். ஆனாலும் எண்ணுவேன்.

அப்போதுதான் வள்ளியம்மையைக் கொண்டுவந்தார்கள். ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டுகிறவள். புருஷனைச் சயாமுக்கு லாரியில் ஏற்றியதிலிருந்து பேச்சில்லை. இரண்டு முறை ஆற்றில் இறங்கியிருக்கிறாள். பேய் என்று சொல்லி லயத்து வீட்டில் கட்டிப்போட்டிருந்தார்கள். மணிக்கட்டு இரண்டும் உரிந்திருந்தன.

நான் அவிழ்த்துவிட்டேன். மதியம் வந்து பார்த்தால் மறுபடியும் கயிறு.

"கட்ட வேண்டாமெண்டு சொன்னனே, முனியாண்டி?"

"ஐயா, நா ஒரு ஆளு. தண்ணி தூக்கவா, பொணம் தூக்கவா, இவளப் பாக்கவா? ஆத்தோட போயிட்டா நீங்கதானே பதில் சொல்லணும்?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நாளில் சிறு கீறலும் புரையோடி எலும்பு தெரியும். போட மருந்து இல்லை. கட்டினால் புண்ணில் சாவாள், அவிழ்த்தால் ஆற்றில் சாவாள். யாரைக் கேட்பது? எனக்கு மேலே ஒருவரும் இல்லை. மருந்தறைக் கதவைச் சாத்தி முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, ஒரே ஒரு காவலாள் தாரும்" என்று வாய்விட்டு அழுதேன்.

வார்டின் கடைசி மூலையிலிருந்து பதில் வந்தது. பாக்கியம். கால் புண்ணோடு மாதக்கணக்கில் கிடந்தவள். நாற்றத்துக்காக அவளை அங்கே ஒதுக்கியிருந்தோம்.

"டிரெசர் ஐயா, அழுதது போதும்லா! எனக்கு ஓடக் காலும் இல்ல, படுத்தாத் தூக்கமும் இல்ல. வாயி இருக்கு. அந்தப் புள்ளய எம் பக்கத்துல போடுங்க. எந்திரிச்சா ஒரு சத்தம் போடுறேன், கோலா மூடா வரைக்கும் கேக்கும்."

"அந்த வாய்க்குப் பயந்துதாங்கய்யா ஜப்பான்காரனே இந்த வார்டுக்கு வரல" என்றான் முனியாண்டி.

வள்ளியம்மையின் மணிக்கட்டுகளைக் கொதிக்கவைத்த துணியால் சுற்றினேன். இருவர் கட்டில்களையும் பக்கத்தில், ஆனால் புண் ஒட்டிவிடாதபடி ஒன்றையொன்று தொடாத தூரத்தில் போட்டேன். கயிற்றை அடுப்பில் எறிந்தேன். பயந்துகொண்டேதான் எறிந்தேன்.

அந்த வாரமே ஒரு காலை, பெரட்டில் தோட்டத்து ஆட்களின் பெயர் கூப்பிடும் நேரம், வள்ளியம்மை எழுந்து நடந்தாள். பாக்கியம் போட்ட கூச்சலில் பெரட்டில் நின்ற ஆட்களே ஓடிவந்தார்கள். முனியாண்டி ஆற்று மேட்டில் அவளை எட்டிப் பிடித்தான். அடிக்காமல், கையைப் பிடித்து அழைத்துவந்தான். பாக்கியம் அப்போதும் விடவில்லை.

"ஏன்டி, நீ போயிட்டா நா யாரோட பேசுறது? டிரெசரோடயா? அவரு மாத்திரையோடதான் பேசுவாரு!"

வள்ளியம்மை கட்டிலில் உட்கார்ந்தாள். "கத்தாதக்கா. காது வலிக்குது" என்றாள்.

நான் மருந்தறைக்குள் போனேன். அன்று எதையும் எண்ணவில்லை.

யாரும் நெருங்காத பாக்கியத்தின் புண்ணை அதன்பின் உப்புத் தண்ணீரால் தினமும் கழுவியது வள்ளியம்மைதான். பாக்கியம் பிழைக்கவில்லை. சயாமுக்குப் போனவனும் திரும்பவில்லை. ஆனாலும் வள்ளியம்மை ஆற்றுப் பக்கம் மறுபடி போகவில்லை. நான் பொறுப்பில் இருந்த எந்த வார்டிலும் பிறகு கயிறு இருந்ததில்லை.

பாக்கியம் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆண்டவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் பிறகும் வரவில்லை; நான் இன்றும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் அடுத்த வீட்டில் யாராவது சத்தம் போட்டால் ஜன்னலை மூடுவதில்லை. தனிமையில் தவிக்கிறவர்களே, நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டு முடித்ததும் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மூலைக் கட்டிலில் யாரோ உங்களைத் திட்டிக்கொண்டிருக்கலாம்.