மூலை அறுப்பு

போன போகத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என் மாமனாருடைய நெல்வயலில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. அறுவடை இயந்திரத்துக்கு வயலின் மூலைகள் எட்டாது. அது இறங்குவதற்கு முன்னால் மூலைக் கதிரைக் கையால் அறுத்து, அது திரும்புவதற்கு இடம் விட வேண்டும். ஊரில் முன்பு வரிசையாக நின்று அறுத்த பெண்களில் அந்த வேலைக்கென்று இப்போது அவரை மட்டும்தான் கூப்பிடுகிறார்கள்.

ஒவ்வொரு மூலையிலும் குனிவதற்கு முன் இடமும் வலமும் பார்த்துக்கொண்டார். வரிசை சேர்ந்துவிட்டதா என்று பார்க்கிற பழைய பழக்கம். பக்கத்தில் யாருமில்லை.

"ஏனுங்க, வரப்பையெல்லாம் எடுத்துப்போட்டு வயலை ஒண்ணாக்கப் போறீங்களாமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. மெசினு ஓட்டத் தோதா இருக்கும்னு மாமா சொல்றாருங்க."

அரிவாளைத் துண்டில் துடைத்தார். "அப்ப மூலையும் கொறஞ்சு போயிருமுங்க."

பின்னால் இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. அவர் அடுத்த மூலைக்கு நடந்தார்.

இந்தப் போகத்தில் வரப்புகள் இல்லை. மிஞ்சிய நாலு மூலைகளையும் இயந்திரத்தோடு வந்த ஆளே அறுத்துவிட்டார். குனியும்போது அந்த ஆள் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.